எதிர்வெளிச்சத்தில் பறவை கறுத்துப்போகிறது: எக்ஸ்போஷர் எவ்வளவு கூட்டுவது?

பாரூர் ஏரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். காலையில் ஏரிப் பக்கம் பறவை எடுக்கிறவர்களிடம் ஒரு கேள்வி.

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பெரிய ஏரியில் நான் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே சூரியன் எழுகிறது. இடத்தை மாற்றலாம் என்றால் பறவைகள் இந்த மூலையில்தான் மேய்கின்றன. நிக்கான் டி7500, 200-500 லென்ஸ், அப்பர்ச்சர் மோட் (லென்ஸ் திறப்பு நான், ஷட்டர் வேகம் கேமரா), மேட்ரிக்ஸ் மீட்டரிங். காம்பன்சேஷன் (கேமராவின் கணக்கை நாமே + அல்லது − பக்கம் தள்ளுவது) எதுவும் வைக்காவிட்டால் தண்ணீரின் பொன் நிறம் அப்படியே வருகிறது, ஆனால் மஞ்சள் மூக்கு நாரை கரிக்கட்டை. +1.3 வைத்தால் நாரையின் நெஞ்சுப் பட்டை, இறக்கை வரி எல்லாம் தெரிகிறது, தண்ணீர் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடுகிறது.

யூடியூபில் ஒருவர் +0.7 போதும் என்கிறார், இன்னொருவர் +2-க்குக் குறையாதே என்கிறார். சரியான எண் எது? யாராவது ஒரே எண்ணாகச் சொன்னால் புண்ணியம்.

மேலகிரி

ஒரே எண் கிடையாது தம்பி.

மீட்டருக்கு நாரையும் தெரியாது, ஏரியும் தெரியாது. முன்னால் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மொத்தத்தையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். மேட்ரிக்ஸ் மோட் ஃபோகஸ் புள்ளிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கும், அவ்வளவுதான். உங்கள் ஃபிரேமில் முக்கால்வாசி மின்னுகிற தண்ணீர். அதைச் சாம்பலாக்கினால் நடுவில் நிற்கிற நாரை கறுக்கத்தானே செய்யும்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாரை அசையாமல் நிற்கும்போது 500-ல் ஒரு படம், உடனே 200-க்கு இழுத்து ஒரு படம். கேமரா காட்டுகிற ஷட்டர் வேகம் மாறும். பறவை மேல் விழுகிற வெளிச்சம் துளியும் மாறவில்லை. ஃபிரேமில் தண்ணீரின் பங்கு கூடியிருக்கிறது, அதனால் கேமரா மனசை மாற்றிக்கொண்டது. அப்புறம் அந்த யூடியூப்காரர் எந்த ஃபிரேமுக்கு +0.7 சொன்னார் என்று தெரியாமல் அதை வைத்து என்ன செய்வது?

எண்ணைக் கேட்பதற்கு முன்னால், எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று முடிவு செய்யுங்கள். தண்ணீரின் நிறமும் நாரையின் நெஞ்சுப் பட்டையும் அந்த நேரத்தில் ஒரே படத்தில் நிறைவாக வராது. பட்டை வேண்டுமென்றால் தண்ணீர் வெளுக்கட்டும். வெளுத்த தண்ணீரில் நிற்கிற நாரை அழகாகத்தான் இருக்கும், நம்ம ஆட்கள் அதைத் தப்பு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பொன் நிறம் வேண்டுமென்றால் நாரையை முழு நிழலுருவாக விட்டுவிடுங்கள். அப்போது அலகு பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும், இரண்டு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், பக்கத்துப் பறவையோடு ஒட்டக்கூடாது. வடிவம் மட்டும்தான் அங்கே படம்.

இரண்டும் பாதி பாதி வேண்டும் என்று +0.7 வைத்தால், பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் ஒரு பறவையும் மங்கல் நிறத்தில் ஒரு ஏரியும் கிடைக்கும்.

பி900 பிரியன்

இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா? ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்து லைட்ரூம் மென்பொருளில் நிழலைத் தூக்கினால் முடிந்தது. என் கேமராவில் ரா இல்லை, அதனால் நான் புலம்பலாம். உங்களுக்கு என்ன?

தளி பனி

ரா எல்லாவற்றையும் காப்பாற்றும் என்பது பாதி உண்மை. வெளுத்துப்போன இடத்தில் சென்சார் நிரம்பிவிட்டது, அங்கே தூக்கவும் இறக்கவும் ஒன்றும் இல்லை. நிழலில் விஷயம் இருக்கும், ஆனால் புள்ளி புள்ளியாக நாய்ஸும் கூடவே வரும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் எண்) 100-ல் எடுத்த படத்தை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கினாலும் டி7500 தாங்கும். விடிகாலையில் ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்ததை அதே அளவு தூக்கிப் பாருங்கள், நாரையின் இறகு பஞ்சாகிவிடும். நாம் பறவை எடுப்பது பெரும்பாலும் இரண்டாவது நிலைமையில்தான்.

பாரூர் நண்பருக்கு என் யோசனை: அப்பர்ச்சர் மோடை விட்டுவிட்டு முழு மேனுவலுக்கு வாருங்கள். உங்கள் பறவை ஒரு நிமிடம் தண்ணீர் முன்னால் இருக்கும், எழுந்து பறந்தால் கரை மரங்கள் முன்னால் வரும், இன்னும் ஏறினால் வானம். பின்னணி மூன்று முறை மாறுகிறது, பறவை மேல் விழும் வெளிச்சம் ஒன்றேதான். மேனுவலில் ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் மூன்று இடத்திலும் பறவை ஒரே மாதிரி வரும். ஆட்டோவில் மூன்று விதமாக வரும்.

முக்கியம்: மேனுவலுக்கு வந்ததும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஷட்டரும் அப்பர்ச்சரும் வைத்ததில் பயனில்லை, கேமரா ஐஎஸ்ஓ வழியாகப் பழைய வேலையைத் தொடரும்.

மேலகிரி

மேனுவல் சரிதான், எப்போதும் இல்லை. மேகம் வந்து போகிற நாளில் முழு மேனுவல் வைத்துக்கொண்டு நின்றால், சக்கரத்தைத் திருப்புவதற்குள் பறவை போய்விடும். அந்த நாளில் ஷட்டர், அப்பர்ச்சரை நாம் வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவை விட்டு, காம்பன்சேஷனால் தூக்குவதே மேல். சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரமும் அப்படித்தான், வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, சூரியனும் ஒரு பனை உயரம் ஏறிவிட்டால் தளி பனி சொல்வதை அப்படியே செய்யலாம்.

பழைய பிலிம்

நீங்கள் பேசுவது எல்லாம் கேமரா என்ன நினைக்கிறது என்பதைப் பற்றி. கேமராவைக் கேட்காமலே வெளிச்சத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது, பிலிம் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். சூரியன் கையின் பின்னால் இருக்க வேண்டும், அதாவது உங்கள் நாரையின் நிழல் பக்கம் எப்படி உங்களைப் பார்க்கிறதோ அப்படியே உள்ளங்கையும் பார்க்க வேண்டும். ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளப்பது) உள்ளங்கையை மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஃபோகஸ் ஆக வேண்டியதில்லை, கை மங்கலாக இருந்தாலும் அளவு சரியாக வரும். உள்ளங்கை யாருக்கும் நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளிர். தோலின் நிறம் எப்படி இருந்தாலும் உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இராது. அதனால் வந்த அளவோடு ஒரு ஸ்டாப் கூட்டினால் நிழல் பக்கத்துக்கான முழு எக்ஸ்போஷர் கிடைத்துவிடும். கறுப்பு நீர்க்காகமாக இருந்தாலும் வெள்ளைக் கொக்காக இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் அதே எண்தான். நீங்கள் அளந்தது பறவையை அல்ல, பறவை மேல் விழும் வெளிச்சத்தை.

ஆனால் நான் அந்த ஒரு ஸ்டாப்பைக் கூட்டுவதில்லை. நிழல் நிழலாகத் தெரிய வேண்டாமா? முழுதாகக் கூட்டினால் எதிர்வெளிச்சம் என்ற உணர்வே போய், நண்பகலில் எடுத்த மாதிரி ஆகிவிடும். உள்ளங்கை காட்டிய எண்ணை அப்படியே வைத்தால் எனக்குப் போதும்.

மீட்டரே இல்லாமலும் செய்யலாம். நல்ல வெயிலில், சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓவுக்குச் சமம். எதிர்வெளிச்சம் என்றால் அதிலிருந்து இரண்டு ஸ்டாப் திற. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 8-ல் 1/400. உங்கள் லென்ஸை முழுசாகத் திறந்து எஃப் 5.6-ல் வைத்தால் 1/800. சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் இந்தக் கணக்கு, விடிகாலைக்கு ஒத்துவராது.

பாரூர் ஏரிக்கரை

ஐயா, உள்ளங்கை விஷயம் அருமை. ஒரு சந்தேகம்: வெள்ளைக் கொக்குக்கும் அதே எண் என்றால் கொக்கின் முதுகு வெளுத்துவிடாதா? முதுகு ஓரத்தில் வெயில் நேராக அடிக்கிறதே.

பழைய பிலிம்

ஓரம் வெளுக்கும். அந்த ஓரக்கோடு ஒரு நூல் அளவுதான் என்றால் வெளுக்கட்டும், அது ஒளிர்வதாகத்தான் கண்ணுக்குப் படும். கொக்கு பாதி திரும்பி, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழுந்தால் அது எதிர்வெளிச்சமே இல்லை, பக்கவெளிச்சம். அங்கே வெயில் படுகிற வெள்ளைக்குத்தான் முன்னுரிமை. கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

மேலகிரி

இதற்குத்தான் வெளுத்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ளச் சொல்வது. படம் எடுத்ததும் திரையில் எங்கே மினுக்குகிறது என்று பார். தண்ணீர்ப் பளபளப்பிலும் சூரியனைச் சுற்றியும் மினுக்கினால் கவலை இல்லை. பறவையின் உடம்பு மேல் திட்டாக மினுக்கினால்தான் இறக்க வேண்டும். அந்தத் திரைக் கணக்கு ஜேபெக் படத்தை வைத்து வருவது, ரா-வில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலப்பக்கம் தள்ளு என்ற பாடம் இங்கே எடுபடாது. எதிர்வெளிச்சத்தில் அது இரண்டு மேடாகப் பிரிந்து நிற்கும், வலது மேடு முழுக்கத் தண்ணீர்.

டி7500-ல் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் என்று ஒன்று இருக்கிறது, வெளிச்சமான இடம் வெளுக்காமல் பார்த்துக்கொள்ளும், ஸ்பாட் குறியின் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். நிழலுருவப் படத்துக்கு அதை வைத்துப் பாருங்கள். நாரையின் நெஞ்சு வேண்டும் என்றால் அதன் பக்கமே போகாதீர்கள்.

ஒகேனக்கல் கரை

ஏரியிலேயே நிற்கிறீர்கள் எல்லோரும். எங்கள் பக்கமும் வாருங்கள்.

ஒகேனக்கல்லில் காவிரி சுற்றி வளைந்தாலும் மொத்தத்தில் தெற்கு நோக்கி இறங்குகிறது, தமிழ்நாடு கிழக்குக் கரை. அதனால் நம் கரையில் நின்று ஆற்றைப் பார்த்தால் காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால், மாலையில் முகத்துக்கு நேரே. பாறையில் வெயில் காய்கிற முதலையின் செதில் தெரிய வேண்டுமானால் காலையில் வாருங்கள். எதிர்வெளிச்சம் பழக வேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல்.

பழகுவதற்கு முதலையும் வேண்டாம், நாரையும் வேண்டாம். பரிசல் துறைப் பக்கம் இருக்கிற குரங்குகள் போதும். மாலை வெயில் பின்னால் விழும்போது குரங்கின் காதைப் பாருங்கள், மெல்லிய தோலுக்குள் வெளிச்சம் புகுந்து சிவப்பாகத் தெரியும், நரம்பு ஓடுவதுகூடத் தெரியும். முடியைச் சுற்றி வெள்ளிக் கோடு. தீனி மட்டும் போடாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குரங்கின் பின்னால் வானமோ தண்ணீரோ இருந்தால் + பக்கம் போக வேண்டும். அதே குரங்கு, அதே சூரியன், நான் நாலு அடி தள்ளி உட்கார்ந்து பின்னணியில் மலையின் நிழல் பக்கம் வருகிற மாதிரி செய்துகொண்டால் கதை தலைகீழ். இப்போது ஃபிரேமில் முக்கால்வாசி இருட்டு. மீட்டர் அந்த இருட்டைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளிக்கோடு வெந்துபோகும். −1, சில நேரம் −2 வரை இறக்கினால்தான் கோடு நிற்கும். எதிர்வெளிச்சம் என்றாலே + என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

தளி பனி

அண்ணா சொல்வதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். கூட்டுவதா குறைப்பதா என்பதைச் சொல்வது பின்னணி. நம் மாவட்டத்தில் இருட்டுப் பின்னணிக்குப் பஞ்சமே இல்லை: மாந்தோப்பின் உட்புறம், குன்றின் மேற்குச் சரிவு, புளியமர நிழல். காலை ஏழு எட்டு மணிக்குத் தோப்பு ஓரம் கம்பியில் உட்கார்ந்திருக்கிற பஞ்சுருட்டானை அந்த இருட்டு முன்னால் எடுத்துப் பாருங்கள். பறந்து திரும்பும்போது இறக்கைக்குள் வெயில் புகுந்து செம்பு நிறமாகத் தெரியும்.

மயிலுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதன் தோகையில் உள்ள பச்சையும் நீலமும் சாயம் அல்ல, இறகின் நுண்ணமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் திரும்ப ஒன்றும் இல்லை, தோகை பழைய துடைப்பம் மாதிரி பழுப்பாக இருக்கும். எவ்வளவு எக்ஸ்போஷர் கூட்டினாலும் அந்த நீலம் வராது. மயிலை வெயில் படுகிற பக்கம் போய் எடுங்கள், அல்லது கொண்டையும் கழுத்தும் தெரிகிற நிழலுருவமாக எடுங்கள்.

அப்புறம், ராகி அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் யானை வருகிறது. மாலையில் புழுதிக்குப் பின்னால் சூரியன் வந்தால் புழுதியே ஒளிரும். ஒரு நாள் அதை எடுக்க வேண்டும் என்று ஆசை.

ராகிக்காடு

தளி பனி தம்பி, கோபித்துக்கொள்ளாதே. கடைசி வரிக்கு மட்டும் பதில்.

கர்நாடகத்தின் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைகள் வருவது குளிர்காலத்தில், எங்கள் காட்டில் ராகி முற்றுகிற நேரத்தில். அந்த மாலை வேளையில்தான் நாங்கள் பரண் ஏறுகிறோம், வனத்துறை ஆட்கள் கூட்டத்தை ஓட்ட நிற்கிறார்கள். அந்த நேரத்தில் வரப்பில் நாலு பேர் கேமராவோடு நின்றால் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் எதிர்வெளிச்சப் படத்துக்கு யானைக்குப் பின்னால் சூரியன் வேண்டும், அதற்கு நீங்கள் யானைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பீர்கள். ஓட இடம் எங்கே?

காவிரி வடக்கு சரணாலயம் 2014-லேயே அறிவித்தாகிவிட்டது. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். யானை வேண்டுமானால் அனுமதியோடு வண்டியில் கூட்டிப்போகிற இடத்துக்குப் போய் எடு. எங்கள் ராகிக்காட்டு வரப்பில் வேண்டாம்.

தளி பனி

சரி அக்கா. நியாயம்தான்.

பி900 பிரியன்

ஜேபெக் மட்டும் எடுக்கிற ஏழைகளுக்கு யாராவது ஏதாவது சொல்லுங்கள்.

மேலகிரி

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் வியூஃபைண்டரில் தெரிவது மின்திரை. காம்பன்சேஷன் திருப்பத் திருப்பப் படம் வெளுப்பதும் கறுப்பதும் எடுக்கும் முன்பே தெரியும். டி7500-காரர் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜேபெக்கில் பின்னால் தூக்க முடியாது என்பதால் பாதிவழிச் சமரசம் வேண்டாம். நிழலுருவம் என்றால் −1, பறவை என்றால் பறவைக்கு முழுசாக. ஆக்டிவ் டி-லைட்டிங் மெனுவில் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டால் ஜேபெக்கில் நிழல் கொஞ்சம் திறக்கும். நிழலுருவம் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு சாம்பல் பூத்துவிடும்.

ஒகேனக்கல் கரை

எல்லோரும் தரையிலேயே இருப்பதால் கஷ்டமான கேஸ் ஒன்று போடுகிறேன். ஆற்றோரம் நீர்மருது மரத்தின் உச்சியில் சாம்பல் நிற மலை அணில். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், இலை இடுக்கெல்லாம் வெள்ளை வானம். ஸ்பாட் வைத்தால் அணிலின் உடம்பில் பாதி, இடுக்கு வானத்தில் பாதி விழுகிறது. ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு மாதிரி.

பழைய பிலிம்

அங்கே ஸ்பாட்டை அணில் மேல் வைக்காதீர்கள். பக்கத்தில், அதே நிழலில் இருக்கிற அடர்ந்த இலைக்கொத்து அல்லது மரத்தின் தண்டை அளந்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். பச்சை இலை நடுத்தரச் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கும். வானம் வெளுத்து ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அதை எந்த எக்ஸ்போஷரும் சரிசெய்யாது. அணில் கிளை மாறி, பின்னால் இன்னொரு மரத்தின் இலை வரும் வரை உட்கார்ந்திருப்பதுதான் வைத்தியம். ஃபிளாஷ் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

பாரூர் ஏரிக்கரை

மேலகிரி அண்ணா சொன்ன 200, 500 சோதனையைச் செய்து பார்த்தேன். 500-ல் 1/1600, 200-ல் 1/3200. அசையாத அதே நாரைதான்! இப்போது மேனுவலில் உள்ளங்கையை அளந்து எடுக்கிறேன். நாரை நன்றாக வருகிறது. ஆனால் படம் முழுக்க ஒரு புகைத் திரை போட்ட மாதிரி இருக்கிறது, கறுப்பு கறுப்பாக இல்லை. இதுவும் எக்ஸ்போஷர்தானா?

தளி பனி

இல்லை, அது லென்ஸுக்குள் வெயில் புகுந்து சிதறுவது. முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் முதலில் கழற்றுங்கள். ஹூட் மாட்டியிருக்கிறதா பாருங்கள், பலர் திருப்பிப் போட்டே வைத்திருக்கிறார்கள். முன் கண்ணாடியில் ஏரிக்கரைப் புழுதி இருந்தால் நேர்வெயிலில் தெரியாது, எதிர்வெளிச்சத்தில் ஒவ்வொரு தூசும் தெரியும். இதெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் ஒரு மரத்தின் நிழல் உங்கள் லென்ஸ் மேல் விழுகிற மாதிரி நில்லுங்கள். பறவை வெயிலிலேயே இருக்கட்டும்.

பாரூர் ஏரிக்கரை

யூவி ஃபில்டர் இருந்தது! கடைக்காரர் கட்டாயம் என்று சொல்லிக் கொடுத்தது. நாளைக்குக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன். சூரிய வட்டத்தையே பறவைக்குப் பின்னால் வைத்து எடுக்கலாமா?

பழைய பிலிம்

தொடுவானத்தில் சிவந்து, வெறும் கண்ணால் கூசாமல் பார்க்க முடிகிற நேரத்தில் மட்டும், அதுவும் சில நொடிகள். அப்போது வட்டத்தைத் தவிர்த்து, பக்கத்து வானத்தை அளந்து வையுங்கள். ஏறிய சூரியனை 500 லென்ஸ் வழியாக ஆப்டிகல் வியூஃபைண்டரில் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். லைவ் வியூ போட்டுக்கொண்டால் கண் தப்பிக்கும், சென்சாருக்கு ஆபத்து. மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் லென்ஸைச் சூரியன் பக்கம் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சென்சாரோ ஷட்டர் திரையோ பொசுங்கும்.

பி900 பிரியன்

பாரூரில் நாரை இன்னும் இருக்கிறதா? ஞாயிறு வரலாமா?

பாரூர் ஏரிக்கரை

இருக்கிறது. ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், கரையில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. உள்ளங்கையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.